தாம்பரத்தில் ஒரு பேர் ஞாயிறு

ஈப்போவிலிருந்து வந்து இறங்கியவளிடம் தாம்பரம் கேட்கும் முதல் கேள்வி தங்கத்தைப் பற்றியது. விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் பல்லாவரம் வரை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“இன்னா மேடம், மலேசியாவா? எங்க மச்சான் அங்கதான் கீறான், ஓட்டல்ல. தங்கம் அங்க சீப்பாமே?”

எனக்குத் தெரியாது என்றேன். நம்பவில்லை. கண்ணாடியில் என் கழுத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அங்கே இருந்த சங்கிலி அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. பேச்சை மழைக்கு மாற்றினார். நான் போகவேண்டிய தேவாலயத்தின் அடையாளம் சொன்னதற்கு, “தாம்பரத்துல தடுக்கி வியுந்தா சர்ச்சுதான் மேடம். இதுல எத்தன்னு தேடுறது?” என்று அலுத்துக்கொண்டார். ஞானசுந்தரி டீச்சர் வீடு அதற்குப் பக்கத்தில் என்றதும் முகம் மாறியது.

“அத்த மொதல்ல சொல்லக் கூடாதா? எங்க அக்காவுக்கு ஜாக்ரபி எடுத்தவங்க. பேஜாரு டீச்சரு. ஸ்கேலாலயே அடிப்பாங்களாம்.”

நான் எதற்கு வந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த டீச்சரிடம் அதைச் சொல்லத்தான் எனக்குச் சனிக்கிழமை வரை பிடித்தது.

டீச்சரின் அப்பாவும் என் அம்மாவின் அப்பாவும் ஒரே ஆள். பெயர் ஆபிரகாம் செல்லையா. பட்டாளத்தில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது மனைவியையும் கைக்குழந்தையையும் தாம்பரத்தில் விட்டுவிட்டு மலாயாவுக்குப் போனார். ஜப்பான்காரன் வந்ததும் படை சிதறியது. இவர் காய்ச்சலோடு ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒதுங்கினார். ஒரு குடும்பம் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. அந்த இந்து வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டார். தாம்பரத்துக்கு ‘காணவில்லை’ என்று தந்தி போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும். போர் முடிந்தும் திரும்பவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக வேலை பார்த்தார். நான் பள்ளியில் படிக்கும்போது இறந்துபோனார். கடைசி நாட்களில் என் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். “செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றாராம். அம்மா அதைக் கோழைத்தனம் என்பார். நான் மறுத்துப் பேசியதில்லை.

பாட்டி இருந்தவரை அம்மா வாய் திறக்கவில்லை. பாட்டிக்குப் பிறகு கூச்சம் வந்து தடுத்தது. இப்போது முழங்கால் வலியும் சர்க்கரையும் சேர்ந்து அவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டன. “எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி போறதுக்குள்ள அக்காகிட்ட சொல்லிட்டு வந்துடு” என்று என்னை அனுப்பினார். தேவாலய அலுவலகத்துக்கு எழுதி விசாரித்தபோது, மலேசியாவில் இருக்கும் உறவுக்காரி என்று மட்டும் சொல்லியிருந்தேன். கைப்பையில் தாத்தாவின் போட்டோ ஒன்று இருந்தது.

வியாழக்கிழமை காலை டீச்சர் கதவைத் திறந்தார். எண்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு. குரல் இன்னும் கடைசி பெஞ்சு வரை போகும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வா. குடையை வெளியிலயே விரிச்சு வை. என்னை அத்தைன்னு கூப்பிடு. எங்க அப்பாவோட சித்தப்பா ஒருத்தர் அந்தக் காலத்துலயே மலாயாவுக்குப் போனாரு. நீ அந்த வழியாத்தான் இருக்கணும்.”

என் வம்சாவளியை அவரே முடிவுசெய்துவிட்டார். அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

இட்லியும் வடகறியும் வைத்தார். விமானத்திலேயே பசியாறிவிட்டேன் என்றதற்கு, அது என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய், எதிர்வீட்டு உமா வந்ததும் வராததுமாக, “என்ன உமா, பசியாறிட்டியா?” என்று கேட்டார். உமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சிறுசேரியில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள். மகளைவிட டீச்சரைத்தான் அதிகம் பார்க்கிறேன் என்று தானே சொல்லிக்கொண்டார். வடகறியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதை எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொண்டால், அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் பருப்பு சாம்பார் விற்காது.

சாப்பிட்ட மேசையிலேயே சிவப்புக் காகிதம் பரப்பியிருந்தார்கள். டீச்சர் வெட்ட, உமா இதழ்களைச் சேர்த்துக் கம்பியில் சுற்றினார். சுவரில் பட்டாளத்து உடுப்பில் ஓர் இளைஞர் படம். அதன் மேல் ஏற்கெனவே ஒரு காகிதப் பூ செருகியிருந்தது. அந்த இளைஞரை எனக்குக் கிழவராகத்தான் தெரியும். இருந்தாலும் காதை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன்.

“டீச்சர் பீச்சாங்கையால வெட்டுறதாலதான் பூவெல்லாம் எதிர்ப்பக்கமா சுத்திக்குது” என்றார் உமா.

“நீ நேராச் சுத்தினா நேரா நிக்கும்” என்றார் டீச்சர், கத்தரிக்கோலை இடது கையிலிருந்து மாற்றாமல். என் தாத்தாவும் இடது கைக்காரர். நான் வாயை மூடிக்கொண்டு பசை தடவினேன்.

“நல்ல நேரத்துல வந்திருக்க. வர்ற ஞாயிறு பேர் ஞாயிறு” என்றார் டீச்சர்.

உலகப்போர்களில் செத்தவர்களுக்காக நவம்பர் பதினொன்றாம் தேதியை ஒட்டிச் சிவப்புப் பூ குத்திக்கொண்டு மௌனம் காப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே அதற்கென்றே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை கோட்டு போட்டவர்கள் வந்து மலர்வளையம் வைப்பார்கள். நான் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். ஒரு நாளும் நின்றதில்லை. தாம்பரத்தில் இந்த ஒரு தேவாலயத்தில் அது வேறு மாதிரி வளர்ந்திருந்தது. ஆயர் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் எழுந்து நின்று, “இருக்கிறோம்” என்பார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரிதான். செத்தவனுக்குப் பதிலாக வீடு ஆஜர் கொடுக்கும்.

“அப்பல்லாம் எல்லாப் பேரும் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் இந்தக் காலனியே நிக்கும்” என்றார் டீச்சர். “மெடல் குத்தினவங்க, தொப்பி வச்ச ரயில்வேக்காரங்க, எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. தெருமுனையில பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கிடுவாரு. இந்து வீடுகள்ல அம்மி அரைக்கிறதை நிறுத்திடுவாங்க. ‘சர்ச்சுல பேர் போயிட்டிருக்கு’ன்னு குழந்தைங்களை அதட்டுவாங்க. ஒரு தடவை ஒரு ஆடு மட்டும் கத்திச்சு. ஆயர் அதையும் முறைச்சாரு.”

“எங்க மாமியார் சுண்டல் பண்ணி அனுப்புவாங்க” என்றார் உமா. “செத்தவங்களுக்குப் போயி சுண்டல் பண்ணலாமாம்மான்னு கேட்டேன். ‘நிக்கிறவங்களுக்குப் பசிக்குமில்ல’ன்னாங்க.”

பிறகு குடும்பங்கள் கிளம்பத் தொடங்கின. சிலர் ஆஸ்திரேலியாவுக்கு, சிலர் கனடாவுக்கு, சிலர் வெறுமனே வேளச்சேரிக்கு. ஆயர் பெயரை வாசிப்பார், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த இடைவெளி எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. ஆகவே, பதில் வராத பெயரை அடுத்த வருஷம் வாசிப்பதில்லை என்று கமிட்டியில் முடிவுசெய்தார்கள். அப்படி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பழைய கட்டடத்தை இடித்தபோது பெயர்ப்பலகையும் எங்கோ போய்விட்டது.

“இப்ப எங்க அப்பா பேரு ஒண்ணுதான் மிச்சம்” என்றார் டீச்சர். “எங்க அம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு எழுந்து நின்னா. அப்போலேருந்து ஒரு வருஷம் தவறினதில்ல. பிரசவமான மறுவாரம்கூடப் போயி நின்னேன்.”

அதாவது, போரில் சாகாத ஒருவருக்காக ஓர் ஊரே இத்தனை காலம் பூ வெட்டிக்கொண்டிருந்தது. அதிலும் உண்மையாகவே செத்தவர்களின் பெயர்களெல்லாம் போய், சாகாதவர் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு பசைக் கிண்ணத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காகிதம் தீர்ந்துவிட்டது. உமாவும் நானும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனோம். கடைக்காரர் உள்ளே தேடிவிட்டு வந்தார்.

“செவப்பு ஆயுத பூஜைக்கே தீந்து பூட்ச்சுக்கா. ரோஸு கீது, தரட்டா?”

“செத்தவங்களுக்கு வைக்கிறதுப்பா. ரோஸ் எப்படி வைக்கிறது?”

“அவங்க பாக்கவா போறாங்க?”

உமா பர்ஸைத் திறந்தார். ரோஸ் வாங்கிக்கொண்டோம்.

திரும்புகையில் ஷேர் ஆட்டோ ஏறினோம். எங்கள் ஊர் பேருந்தில் மணியை அழுத்தினால் நிற்கும். இங்கே ஓட்டுநர் மனசு வைத்தால்தான் நிற்கும். எங்கள் இடம் வந்ததும் இருவரும் கத்தினோம். “போலீஸு நிக்கிறாரு, நிறுத்த முடியாதுக்கா” என்று சொல்லிப் பெருங்களத்தூர் வரை கொண்டுபோய் விட்டுவிட்டார். அங்கே வார இறுதிக்குத் தெற்கே ஊருக்குப் போகிறவர்கள் பையும் பெட்டியுமாகச் சாலையில் பாதியை எடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் வரும்போது கூட்டம் முன்னே பாய்ந்து பின்னே வந்தது. ஒரு பெண் போனில் யாரையோ திட்டினாள். தெலுங்கு. உமா எனக்காக மொழிபெயர்த்தார்: “நீ கிளம்பிட்டேன்னு சொல்லும்போது குளிக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும்.” மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து சேர்ந்தோம்.

பூக்கூடையைக் கொடுக்கத் தேவாலயத்துக்குப் போனபோது ஆயரைப் பார்த்தேன். சின்ன வயது, மரியாதையான மனிதர்.

“டீச்சரம்மா இருக்கிற வரைக்கும் இந்த ஞாயிறு இருக்கும் சிஸ்டர்” என்றார். “அதுக்கப்புறம் இதை எடுத்துட்டு அறுப்பின் பண்டிகையை இந்த வாரத்துக்குக் கொண்டுவந்துடலாம்னு கமிட்டியில பேச்சு. அவங்க காதுல விழவேண்டாம்.”

அன்று மாலை அம்மா போன் செய்தார். “சொல்லிட்டியா?”

“நாளைக்கு.”

“அவங்க என்ன கடிச்சா தின்னுடுவாங்க? சொல்ல வேண்டியதுதானேலா?” எங்கள் ஊரில் பேச்சு அந்த ‘லா’வில்தான் முடியும்.

அம்மாவுக்குப் பேர் ஞாயிறைப் பற்றி விளக்கினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நமக்கு இருந்தது அப்பா. அவங்களுக்கு இருந்தது அந்தப் பேரு மட்டும்தானா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போவது டீச்சரின் வழக்கம். எங்கள் ஊரில் குரங்கு சமையலறைக்கே வந்து வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போகும் என்று சொல்லிப் பார்த்தேன். “அதை நீ சும்மா பாக்கிற. இங்க டிக்கெட் வாங்கிப் பாரு” என்றார். சனிக்கிழமை காலை தூறலில் கிளம்பினோம். உள்ளே நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி உண்டு. அதில் ஏறி, மான், கரடி, வெள்ளைப் புலி எல்லாவற்றையும் பார்த்தோம். புலி எங்களைப் பார்க்கவில்லை. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் எந்தக் கண்டம், என்ன தட்பவெப்பம் என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார்.

நீர்யானைத் தொட்டிக்கு எதிரே வண்டி நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி இரண்டு தட்டு தட்டிவிட்டு, வேறு வண்டி கொண்டுவருவதாகச் சொல்லி மழையில் நடந்து போனார். கூட வந்த குடும்பமும் இறங்கிப் போய்விட்டது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். எதிரே பச்சைத் தண்ணீரில் இரண்டு காதுகளும் ஒரு மூக்கும் தெரிந்தன.

“நாளைக்கு நீ என்கூட எழுந்து நிக்கணும்” என்றார் டீச்சர். “மகன் துபாய்லருந்து இதுக்கெல்லாம் வரமாட்டான். எனக்கப்புறம் அந்தப் பேருக்கு ஆள் இல்ல. நீ மலாயாக்காரி. எங்க அப்பா கிடக்கிற மண்ணுலருந்து வந்திருக்க. கர்த்தர்தான் உன்னை அனுப்பினாருன்னு நினைக்கிறேன்.”

அனுப்பியது என் அம்மா. அதுவும் வேறு வேலைக்கு. வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்றால் எப்படியோ சமாளித்திருப்பேன். தேவாலயத்தில் எழுந்து நின்று, போரில் செத்தவருக்காக என்று வாய் திறந்து சொல்ல என்னால் முடியாது என்று அந்த நிமிடம் தெரிந்துவிட்டது.

“அவர் மண்ணுல இல்ல பெரியம்மா. எரிச்சாங்க” என்றேன்.

“யாரை?”

“உங்க அப்பாவை.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். எனக்குப் பதினாலு வயசு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீர்யானையைப் பார்த்துக்கொண்டே, “மிச்சத்தையும் சொல்லு” என்றார். காய்ச்சல், தோட்டம், ஒளித்துவைத்த குடும்பம், கல்யாணம், என் அம்மா, ஆஸ்பத்திரி வேலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழகுபடுத்தவில்லை. செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும் என்று அவர் சொன்னதையும் மறைக்கவில்லை. நடுவில் ஒரு முறைதான் குறுக்கிட்டார்.

“உனக்குப் பதினாலுன்னா, அப்ப எங்க அம்மா உசுரோட இருந்தா.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

“வெள்ளைப் புடவைதான் கட்டுவா. கல்யாண வீட்டுல முன்வரிசையில உக்கார மாட்டா. ஒரு ஆயர் வந்து, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோம்மான்னு பேசினாரு. அதுக்கு, ‘நாளைக்கு அவர் வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்?’னு கேட்டாளாம். ஊரே அவளைப் பைத்தியம்னுச்சு. நானும் சொல்லியிருக்கேன்.”

“மன்னிச்சிடுங்க பெரியம்மா.”

“நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற? நீயா அவரைப் பிடிச்சு வச்சிருந்தே?”

வேறு வண்டி வந்தது. “இன்னா பாட்டிமா, நீர்யானை வாயத் தொறந்துச்சா? எல்லாருக்கும் தொறக்காது. லக்கு வேணும்” என்றார் ஓட்டுநர். நாங்கள் வண்டி மாறினோம். ஆட்டோவில் பெருங்களத்தூர் நெரிசல் முழுவதும் டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு முன் என் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்.

உமா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், சாம்பார் சாதம் வைத்துக்கொண்டே திட்டினார்.

“நாளைக்குப் பேர் ஞாயிறை வச்சுக்கிட்டு இன்னிக்கா சொல்லுவீங்க? திங்கக்கிழமை ஃப்ளைட்டுக்குக் கிளம்புறப்ப சொன்னா ஆகாதா?”

“அதுக்குள்ள நான் கூட நின்னு பொய் சொல்லியிருப்பேனே.”

“நின்னா என்ன? இத்தனை வருஷமா அந்தப் பேரை வாசிக்கிறாங்க. சாமிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவரே சும்மாத்தானே இருந்தாரு?”

சாதத்தைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டீச்சர் நாளை வராவிட்டால் பெயருக்குப் பதில் இருக்காது. பதில் இல்லாவிட்டால் பெயர் போகும். அது கடைசிப் பெயர். இத்தனை காலம் நடந்து வந்ததை, கடல் தாண்டி வந்து நீர்யானைக்கு முன்னால் முடித்துவைத்திருக்கிறேன் என்று தோன்றியது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மா மேல் கொஞ்சம். தாத்தா மேல் நிறைய.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்க்கதவு திறந்தது. கஞ்சி போட்ட புடவையில் டீச்சர் நின்றார். கண் வீங்கியிருந்தது. “பசியாறிட்டியா?” என்று கேட்டார். ஆறிவிட்டேன் என்றேன். “அப்ப கிளம்பு.” அவர் புடவையில் பூ இல்லை.

புதிய தேவாலயம் கண்ணாடியும் கிரானைட்டுமாக இருந்தது. பாட்டுகள் திரையில் ஓடின. நான் தீமிதி பார்த்து வளர்ந்தவள். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் ஒரு நொடி பிந்தினேன். பாதி பெஞ்சுகள் காலி. வந்திருந்தவர்கள் சிவப்பும் ரோஸுமாகப் பூக் குத்தியிருந்தார்கள். உமா வழக்கம்போலப் பூத்தட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆயர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து வாசித்தார். “ஆம்புலன்ஸ் சிப்பாய் ஆபிரகாம் செல்லையா.”

டீச்சர் எழுந்திருக்கவில்லை. மின்விசிறிகள் சுற்றின. ஆயர் தலையைத் தூக்கிப் பார்த்தார். காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் உரக்க மறுபடியும் வாசித்தார். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் டீச்சர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு என் தோளில் கையை அழுத்தி எழுந்தார். பாரம் முழுவதும் என் மேல் விழுந்தது.

“ஐயா, அந்தப் பேரை விட்டுடுங்க” என்றார். “அவர் போர்ல சாகல. பிழைச்சுப் போயி, பிள்ளை பெத்து, பேரப்பிள்ளை பாத்துட்டுத்தான் செத்தாரு. இதோ உக்காந்திருக்கிறா அவர் பேத்தி. எங்களுக்குத் தெரியாது. தெரியாம நானும் எங்க அம்மாவும் நின்னுட்டோம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்காவது ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தால் தோளில் அவர் கை இருந்தது.

“நிஜமாச் செத்தவங்க பேரு எனக்குத் தெரியும். சின்ன வயசுலருந்து கேட்டது. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.” கண்ணை மூடிக்கொண்டார். “லாசரஸ் மாணிக்கம்.”

யாரும் பதில் சொல்லவில்லை. பெயருக்குரிய இடைவெளியை விட்டார்.

“தாவீது பொன்னையா.”

“இருக்கிறோம்.”

குரல் பின்னாலிருந்து வந்தது. உமா. தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். திருநீற்றுக் கீற்றோடு அங்கே நின்ற ஒரே ஆள் அவர்தான்.

“ஹென்றி பெரேரா.”

பாடகர் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அடுத்த பெயருக்கு முன் பெஞ்சுப் பெரியவர். அதற்கடுத்து இன்னும் பலர். முன்னே பின்னே, ஒழுங்கில்லாமல், ரயிலில் இடம் கேட்கிற மாதிரி சொன்னார்கள். ஆயர் வேகமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். “அம்மா, கொஞ்சம் மெதுவா” என்றார் ஓரிடத்தில். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு உரிமையுள்ள ஒரே பெயர் அன்று நீங்கிப்போயிருந்தது. தோளைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் டீச்சர் கண்ணைத் திறந்தார். “முதல் பேருக்கு யாரும் சொல்லல. மறுபடியும் சொல்றேன். லாசரஸ் மாணிக்கம்.”

இந்த முறை கூரை வரை கேட்டது.

பிறகு மௌனம். வெளியே ஜி.எஸ்.டி. சாலை யாருக்காகவும் நிற்கவில்லை. ஹாரன் சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

ஆராதனை முடிந்து வராந்தாவில் பன்னும் டீயும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் நுரைக்க ஆற்றித் தரும் தே தாரிக்கில் பாதி இனிப்புதான், ஆனால் சூடு. ஆயர் வந்து, அடுத்த வருஷத்துக்கு எழுத்துப்பிழை இல்லாமல் பெயர்களைச் சரிபார்த்துத் தரும்படி கேட்டார். “செவ்வாய்க்கிழமை வா” என்று அவரை அனுப்பிவிட்டு, டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து என் பக்கம் கையை நீட்டினார்.

“போட்டோ கொண்டுவந்திருப்பியே. கொடு.”

கொடுத்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் தாத்தா நிற்கிறார். தலை முழுவதும் நரை. இடது கையில் நான், வாயில் விரலோடு. டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“வயசாயிடுச்சே இவருக்கு” என்றார். போட்டோவில் இருந்த கையை விரலால் தொட்டார். “எங்க அம்மா அவரைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவா. உங்கப்பனுக்கும் பீச்சாங்கைன்னு. நான் அந்தக் கையால எழுதினா அடிப்பா. அடிச்சிட்டு அவளே அழுவா. நிஜமாவே அவருக்குப் பீச்சாங்கையா?”

“நிஜம்தான் பெரியம்மா. ஊசிகூட அந்தக் கையாலதான் போடுவாரு. தோட்டத்துப் பிள்ளைங்க அவர்தான் போடணும்னு அடம்பிடிக்கும். வலிக்கவே வலிக்காது.”

அவர் பன்னைப் பிட்டு டீயில் நனைத்தார். போட்டோவைத் திருப்பித் தரவில்லை.

“கொடுத்து வச்ச பிள்ளைங்க” என்றார்.